யுனிவர்சிட்டி மெயிலை தண்டர்பேர்ட்ல போட்ட கதை

ரொம்ப நாளா யுனிவர்சிட்டி மெயிலை பிரவுசர்லயேதான் பாத்துட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் விட்டா லாகவுட் ஆயிடும், திரும்ப பாஸ்வேர்ட், திரும்ப போன்ல அப்ரூவ், கைடு எப்பவோ அனுப்புன அட்டாச்மென்ட்டைத் தேடலாம்னா நெட் இருந்தாதான் உண்டு. சரி, கம்ப்யூட்டர்லயே மெயில் பாக்குற ஒரு புரோகிராம் போட்டுக்கலாம்னு தண்டர்பேர்ட் இறக்கினேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும்.

பேரும் மெயில் ஐடியும் குடுத்தா டொமைனை (ஐடியில @க்கு அப்புறம் வர்றது) வச்சு சர்வரை அதுவே தேடிக்கும். ஆனா எங்க யுனிவர்சிட்டி டொமைனுக்கு வேற ஏதோ சர்வர் பேரை யூகிச்சு நின்னுச்சு. காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது, எங்களுக்கு வர்ற மெயில் எல்லாம் முதல்ல ஒரு ஸ்பேம் ஃபில்டர் சர்வருக்குப் போயிட்டுதான் உள்ள வருது, வெளியிலேருந்து தேடுறவங்களுக்கு அந்த ஃபில்டர்தான் தெரியும், மெயில்பாக்ஸ் நிஜமா எங்க இருக்குன்னு தெரியாது.

அதை நாமளே கண்டுபிடிக்கிறது ஈஸி. பிரவுசர்ல லாகின் பண்ணும்போது மைக்ரோசாஃப்ட் பக்கம் வழியா போகுதா கூகுள் வழியா போகுதான்னு பாருங்க, ரெண்டும் இல்லன்னா காலேஜே சொந்தமா சர்வர் வச்சிருக்கும், அப்போ ஐடி செக்ஷனைத்தான் கேக்கணும். எங்களுது மைக்ரோசாஃப்ட். மெயில் வாங்குறதுக்கு அவுட்லுக் டாட் ஆபீஸ்365 டாட் காம், ஐமேப் (மெயிலை சர்வர்லயே வச்சு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி காட்டுற முறை), போர்ட் 993, பாதுகாப்புக்கு எஸ்எஸ்எல். அனுப்புறதுக்கு எஸ்எம்டிபி டாட் ஆபீஸ்365 டாட் காம், போர்ட் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். கூகுள்னா ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம், அதே 993. பாப்3ன்னு மெயில் வாங்குற இன்னொரு முறை இருக்கு, அது பக்கம் போகாதீங்க, போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியணும்னா ஐமேப்தான்.

இதெல்லாம் போட்டும் லாகின் ஃபெயில்டுன்னே வந்துச்சு, அதே பாஸ்வேர்ட் பிரவுசர்ல ஜம்முனு வேலை செய்யுது. ஐடி செக்ஷன் குடுத்த பிடிஎஃப்ல ஆத்தென்டிகேஷன்னு இருக்கிற இடத்துல "நார்மல் பாஸ்வேர்ட்" போடச் சொல்லி இருந்துச்சு, அது அரதப் பழசு. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர்லேருந்து ஐமேப்புக்கு வெறும் பாஸ்வேர்டை ஏத்துக்கிறதை நிறுத்த ஆரம்பிச்சிட்டாங்க, கூகுளும் அதே வழிதான். அந்த இடத்துல ஓஆத்2ன்னு மாத்தணும். மாத்தினதும் ஒரு குட்டி விண்டோ திறந்து வழக்கமான லாகின் பக்கமே வரும், போன் அப்ரூவலும் அங்கயே முடிஞ்சிடும், புரோகிராம் கையில பாஸ்வேர்டே போகாது, ஒரு டோக்கன்தான் (அனுமதிச் சீட்டு மாதிரி) போகும். அந்த விண்டோ லோட் ஆகி வெள்ளையா நின்னுச்சுன்னா தண்டர்பேர்ட் செட்டிங்ஸ்ல குக்கீஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, யூசர்நேம். எனக்கு மெயில் ஐடி பேர்ல இருக்கும், லாகின் ஐடி ரோல் நம்பர்ல இருக்கும். யூசர்நேம் இடத்துல ரோல் நம்பர் ஐடியை முழுசா, டொமைனோட போடணும், பேர்ல இருக்கிற ஐடி அனுப்புநர் முகவரிக்கு மட்டும்.

அப்பாடான்னு நினைச்சா அடுத்து "அட்மின் அப்ரூவல் தேவை"ன்னு ஒரு பக்கம். இதுக்கு நாம என்ன குட்டிக்கரணம் போட்டாலும் நடக்காது. யுனிவர்சிட்டி அட்மின் அந்த ஆப்பை ஒரு தடவை அனுமதிச்சாதான் உண்டு. ஐடி செக்ஷனுக்கு "மெயில் வரல, ஹெல்ப் பண்ணுங்க"ன்னு எழுதினா பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணுங்கன்னுதான் பதில் வரும், எனக்கும் அதான் வந்துச்சு. அப்புறம் அந்த பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட் வச்சு, தண்டர்பேர்டுக்கு அட்மின் கன்சென்ட் குடுக்க முடியுமா, என் அக்கவுன்ட்ல ஐமேப்பும் எஸ்எம்டிபி ஆத்தும் (மெயில் அனுப்ப சர்வர்ல லாகின் பண்ற வசதி) ஆன்ல இருக்கான்னு நேரா கேட்டு எழுதினேன். அதுக்கு அப்புறம்தான் மெயில் சரியான ஆள்கிட்ட போச்சு, வேலையும் நடந்துச்சு. ஐமேப், எஸ்எம்டிபி ஆத் ரெண்டையும் அட்மின் தனித்தனியா ஆஃப் பண்ணி வைக்கலாம், மெயில் வருது ஆனா போகமாட்டேங்குதுன்னு புலம்புறவங்க முதல்ல எஸ்எம்டிபி ஆத்தைக் கேளுங்க, அனுப்புற சர்வர் செட்டிங்லயும் ஓஆத்2 இருக்கான்னு பாத்துக்கோங்க, அது தனி இடத்துல இருக்கும். செக்யூரிட்டி பாலிசின்னு முடியாதுன்னுட்டாங்கன்னா அவங்க அனுமதிச்சிருக்கிற புரோகிராம்தான் வழி.

அனுப்பின மெயில் சென்ட் ஃபோல்டர்ல ரெண்டு ரெண்டா விழுந்தா, அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" போயி காப்பி வைக்கிற டிக்கை எடுத்துடுங்க, சர்வரே ஒண்ணு வச்சுக்குது.

கோர்ஸ் முடியப்போறவங்களுக்கு ஒண்ணு. மெயில் எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இறங்கிடுச்சேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, ஐமேப் சர்வரோட ஒத்துப்போற மாதிரிதான் வச்சிருக்கும், சர்வர்ல அழிஞ்சா இங்கயும் காணாம போகும். வேணுங்கிறதை "லோக்கல் ஃபோல்டர்ஸ்"க்கு காப்பி பண்ணுங்க, மூவ் வேணாம். ஃபோல்டர் ஃபோல்டரா பண்ணுங்க, மொத்தமா இழுத்து விட்டா நடுவுல எது நின்னுச்சுன்னே தெரியாது. அட்டாச்மென்ட் உள்ள ரெண்டு மூணு பழைய மெயிலை நெட்டை ஆஃப் பண்ணிட்டுத் திறந்து பாத்துட்டு, அதுக்கப்புறம் அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்லயும் ஒரு காப்பி போட்டுடுங்க.