கொரோனா பயணக்கட்டுப்பாட்டுக் காலத்து ஆங்கில ஆசிரியர் பயிற்சி: வன்னி நாட்குறிப்பு

24.05.2021, திங்கள்
சூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வந்தால் “கேக்குதா ரீச்சர்?” என்பதிலேயே பாதி நேரம் போகும். ஆகவே சூம் சந்தேகங்களுக்கு மட்டும். ஒலிப் பயிற்சி வட்ஸ்அப் குரல்பதிவில்: ஒரு நிமிடப் பதிவு மிகச் சிறிய கோப்புத்தான், எத்தனை தரமும் திருப்பிக் கேட்கலாம்.

27.05.2021, வியாழன்
சாதாரண அழைப்பில் ஒலிப் பயிற்சி வேண்டாம். பழைய முறை அழைப்பு 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தும். எஸ் ஒலியின் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே. ‘ஃபைன்’, ‘சைன்’ இரண்டும் ஒன்றாகவே கேட்கும். சூமின் இரைச்சல் தணிப்பும் நீண்ட ‘ஸ்ஸ்’ஸை இரைச்சலென்று எடுத்து மங்கச் செய்யலாம், ஒலியை அப்படியே அனுப்பும் ‘ஒரிஜினல் சவுண்ட்’டைப் போட்டுவிட்டுத் தொடங்கவும்.

31.05.2021, திங்கள்
ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை ஆசிரியர்கள் இன்னும் விடவில்லை. ‘பெட்’ என்று எழுதினால் அது வளர்ப்புப் பிராணியா (pet), கட்டிலா (bed), பந்தயமா (bet)? மூன்றுக்கும் நமக்கு ஒரே எழுத்துத்தான். தரம் 1, 2இல் வாய்மொழி ஆங்கிலம் மட்டும், பாடநூல் தரம் 3இல்தான் வருகிறது. அந்த இரண்டு வருடமும் பிள்ளைக்குக் காதுதான் புத்தகம். அதில் பிழை ஏறக்கூடாது.

இந்த ஒலிகளின் வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க, இரண்டு விரல் அகல மெல்லிய கடதாசித் துண்டை உதட்டுக்கு முன் தொங்கவிடவும். வளர்ப்புப் பிராணியின் ‘பெட்’டுக்குத் துண்டு துள்ள வேண்டும், கட்டிலுக்கு அநேகமாக அசையாது. தமிழ்ப் ‘பல்’லைச் சொல்லிப் பார்த்தால் நம் பகரத்தில் அந்தக் காற்று குறைவு என்பது தெரியும். மின்விசிறியை நிறுத்தாமல் செய்தால் எல்லாமே துள்ளும். வீடியோவைப் பக்கவாட்டில் எடுக்கவும், 15 விநாடி போதும். முன்னால் வைத்து எடுத்தால் துண்டு வாயை மறைக்கும், துள்ளலும் தெரியாது.

04.06.2021, வெள்ளி
ஆசிரியர்களிடமிருந்து திரும்பி வந்த பதிவுகளில் ‘புக்கு’, ‘பஸ்ஸு’, ‘இஸ்கூல்’. தமிழ்ச் சொல் வல்லினத்தில் முடியாது. நாக்கு தானாகவே உகரம் சேர்க்கிறது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு விநாடி இழுத்து, இடைவெளி விடாமல் ‘கூல்’ சேர்த்தால் முன்னால் வரும் இகரம் விழும். ‘புக்’குக்கு, கடைசி ஒலியில் வாயை அப்படியே நிறுத்தி மூன்று எண்ணவும்.

ஒரு பதிவுக்கு ஒரு திருத்தம், அதுவும் தனிச் செய்தியில். குழுவில் திருத்தினால் அந்த ஆசிரியரிடமிருந்து அடுத்த பதிவு வராது.