திருவருகைக் காலக் குறிப்புகள், 2017

நவம்பர் 30, வியாழன்

விடியற்காலையில் இருந்து காற்று. கிழக்கு வீட்டு ஓடு எங்கள் முற்றத்தில் வந்து விழுந்து உடைந்தது. தென்னை இரண்டு சாய்ந்துவிட்டது. கரன்ட் இல்லை. அவர் போன் தொடர்பு எல்லைக்கு அப்பால் என்கிறது. ஆழ்கடலில் இருக்கும்போது எப்போதும் அப்படித்தான் சொல்லும். மாமி குருசடிக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். இந்தக் காற்றில் எங்கே போவது, பிடித்து உட்கார வைத்தேன்.

டிசம்பர் 1, வெள்ளி

புயலுக்கு ஒக்கி என்று பெயராம். பெயர் வைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. எங்கள் ஆட்கள் கடலுக்குப் போய் வாரங்கள் ஆகின்றன. தூண்டில் படகுக்குப் போனால் ஒரு மாதம், நாற்பது நாள். வயர்லெஸ் பக்கத்துப் போட்டுக்குத்தான் எட்டும், கரைக்கு எட்டாது. அறிவிப்பு யாருக்குச் சொன்னார்கள்?

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் புது நீலக் கேன் ஒன்று வாங்கினார். இருபது லிட்டர். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று வாசலில் உட்கார்ந்து திருகித் திருகிப் பார்த்தார். காலி கேன் மிதக்கும். மூடி இறுக்கமாக இருந்தால் நாள் கணக்கில் மிதக்கும்.

டிசம்பர் 2, சனி

மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் அறுபதுக்கும் மேல் போட்டுகள் ஒதுங்கியிருக்கின்றனவாம். 950 பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்களாம். பெரும்பாலும் கேரளாவில் பதிவான போட்டுகள், ஆனால் அதில் எத்தனையோ பேர் நம் ஊர்க்காரர்கள்தானே. கோயில் ஜெனரேட்டரில் போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். ராத்திரி தம்பி பேசினான். தம்பி உயிரோடு இருக்கிறான். தம்பி உயிரோடு இருக்கிறான்.

"அத்தான் போட்டு உங்ககூடவா இருக்கு?" என்றேன். லைன் அறுந்துவிட்டது.

டிசம்பர் 3, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. கோட்டாறு சவேரியார் திருவிழாவும் இன்றுதான். போன வருடம் இதே நாள் அவரும் நானும் மோனைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்த்தோம்.

முதல் வாசகம் எசாயா. நீர் வானத்தைப் பிளந்து இறங்கி வரக்கூடாதா என்று வந்தது. வாசித்த பெண்ணுக்குக் குரல் அடைத்துவிட்டது. அவளுடைய அப்பாவும் வரவில்லை. அவளாக மறுபடி தொடங்கட்டும் என்று கோயில் முழுக்கக் காத்திருந்தது. நான் பிறந்ததில் இருந்து இந்த வாசகத்தைக் கேட்டிருப்பேன். இன்றுதான் அது கெஞ்சல் என்று காதில் விழுந்தது. யாரோ ஒருவன், வீட்டில் ஆள் வராமல், மேலே பார்த்துக் கத்தியிருக்கிறான்.

சவேரியாருக்கு நேர்ந்துகொண்டேன். அடுத்த வருடம் தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்கிறேன். உவரி அந்தோணியாருக்கும் நேர்ந்துகொண்டேன், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றேன். மோனுக்கு மொட்டை. என் தாலியை உண்டியலில் போடுகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது, அதைச் சொல்லவில்லை. தாலியைக் கழற்றுகிற பேச்சே வேண்டாம்.

டிசம்பர் 5

ஒன்றும் இல்லை.

டிசம்பர் 6

வந்தவர்கள் வீட்டில் அழுகிறார்கள். வராதவர்கள் வீட்டில் அழவில்லை. அழுதால் செத்துவிட்டார் என்று ஆகிவிடும்.

டிசம்பர் 7, வியாழன்

குழித்துறை. ஆண்கள், பெண்கள், கன்னியாஸ்திரிகள், ஃபாதர்கள், எல்லாரும் நடந்தோம். மாமி செருப்பில்லாமல் நடந்தாள். ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தேடப் போகிற கப்பலில் எங்கள் ஆட்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்தத் திசையில் நீரோட்டம் இழுக்கும், போட்டுகள் எங்கே தூண்டில் விரித்திருக்கும், எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இதில் என்ன தப்பு இருக்கிறது?

இருட்டின பிறகு யாரோ செபமாலை தொடங்கினார்கள். ஜல்லி குத்தியது, கால் மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் யாரென்று எனக்குத் தெரியாது, வேறு ஊர்க்காரி. பாதியில் என் கையைப் பிடித்தாள், முடிகிற வரைக்கும் விடவில்லை. உள்ளங்கை முழுக்க வலைப்பின்னல் காய்ப்பு. வீட்டில் தனியாகச் சொன்னபோதெல்லாம் தொண்டையில் நின்றுவிடுகிற அருள்நிறை மரியே, அங்கே தானாக வந்தது. ஆயிரக்கணக்கான பேர் சொல்லும்போது நாம் நிறுத்தினாலும் செபம் நிற்பதில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

டிசம்பர் 8

அமலோற்பவ மாதா திருவிழா. பூசைக்குப் போகவில்லை. மாதா மேல் கோபம்.

டிசம்பர் 9, சனி

தம்பி வந்துவிட்டான். உதடு வெடித்து, காது வரைக்கும் தோல் உரிந்து கிடக்கிறது. அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். நான் சந்தோஷப்பட்டேன், சத்தியமாக. ஆனால் அவன் சோறு சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு சொன்னான். 30ஆம் தேதி ராத்திரி வயர்லெஸ்ஸில் அத்தான் குரல் கேட்டதாம். "எஞ்சினில் தண்ணி ஏறிட்டு. நாங்க எல்லாரும் செபம் சொல்லிட்டிருக்கோம்." அவ்வளவுதான். அதன் பிறகு இரைச்சல் மட்டும்.

"கேன் பற்றி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

தூங்கவில்லை. செபம் சொல்லிட்டிருக்கோம். அவரா?

ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்கு உள்ளேயே வராத மனிதர். பிரசங்கம் தொடங்கினால் மற்ற ஆண்களோடு வெளித்திண்டில் போய் உட்கார்ந்து மீன்விலை பேசுவார். நற்கருணை நேரத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி ஆளாக வருவார். அவர் செபம் சொன்னாரா? யார் தொடங்கி வைத்தது? செபமாலையில் வியாழக்கிழமை என்றால் ஒளியின் மறைபொருள். அது அவருக்குத் தெரியாதே, துயர மறைபொருள்தான் மனப்பாடம். போட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் முன்னால் சொன்னார்கள், யார் பின்னால் சொன்னார்கள்? ஜெபமாலை கையில் இருந்ததா, விரலில் எண்ணினார்களா? எத்தனையாவது மணியில் நின்றது?

இன்றைய வாசகம்: ஆறுதல் கூறுங்கள், என் மக்களுக்கு ஆறுதல் கூறுங்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். வெளியே போகவில்லை.

டிசம்பர் 11

அவர் நம்பருக்கு ரீசார்ஜ் செய்தேன். கடைக்காரப் பையன் காசு வாங்க மாட்டேன் என்றான். வாங்கு என்று சண்டை போட்டேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

முதலமைச்சர் மாவட்டத்துக்கு வந்தார். இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம், ஒருவருக்கு வேலை. காணாமல் போனவர் என்றால் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மோன் அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருப்பான்.

டிசம்பர் 13

மோன் கேட்டான், இயேசு படகில் தூங்கினாரே, அப்பா போட்டிலும் தூங்குகிறாரா என்று. மறைக்கல்வி வகுப்பில் யாரோ அந்தப் பகுதியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் இந்தக் கரையில் அதைச் சொல்லலாமா? டீச்சரிடம் போய்ச் சண்டை போடலாம் என்று கிளம்பி, அவளுடைய வீட்டு வாசலிலும் ஆட்கள் கூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அவளுடைய அண்ணன்.

ராத்திரி விவிலியத்தை எடுத்து மாற்கு நான்காம் அதிகாரத்தை நானே வாசித்தேன். அலை உள்ளே அடித்துப் படகு நிரம்புகிறது, அவர் தலையணை வைத்துத் தூங்குகிறார். எழுப்பி என்ன கேட்கிறார்கள்? சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். அவர்களும் மீன் பிடிக்கிறவர்கள், நம்மைப் போலத்தான் பேசுகிறார்கள். தயவு செய்து என்ற வார்த்தையே இல்லை. புகழ்ச்சி இல்லை, நேர்ச்சை இல்லை. அதையும் அவர் கேட்டார்.

விளக்கை அணைத்துவிட்டு நானும் அப்படியே கேட்டேன். வாய்விட்டு. உமக்குக் கவலையில்லையா? எங்கே போனீர்? அவர் செபம் சொன்னாரே, உம்மைக் கூப்பிட்டாரே, அப்போதும் தூக்கமா? மாமி விழித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தடுக்கவில்லை. நான் முடித்ததும் இருட்டில் இருந்து "ஆமென்" என்றாள்.

டிசம்பர் 14, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 15

ஃபாதரிடம் நேர்ச்சைகளைப் பற்றிக் கேட்டேன். நிறைய நேர்ந்துவிட்டேன், அவர் வராவிட்டாலும் செய்ய வேண்டுமா என்று. ஃபாதர் உடனே பதில் சொல்லவில்லை. அவரே இளைத்துப் போயிருக்கிறார், தினமும் ஏதாவது ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் வேறு ஒரு கதை சொன்னார்.

முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1530களில் ஞானஸ்நானம் வாங்கியது வேதம் படித்து அல்லவாம். உயிருக்கும் பிழைப்புக்கும் ஆபத்து, காப்பாற்ற ஒரு துணை வேண்டும் என்று போர்ச்சுகீசியரிடம் போனார்கள். அப்போது ஒரு செபம்கூட அவர்களுக்குத் தெரியாது. 1542-ல் சவேரியார் வந்துதான் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். 1544-ல் நம் பக்கம் வந்து ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். "பயம்தான் முதலில் வந்தது மக்களே, விசுவாசம் பின்னால் வந்தது. பயத்தில் வந்தவர்களைக் கடவுள் திருப்பி அனுப்பவில்லை" என்றார்.

நேர்ச்சை பற்றி நான் மறுபடி கேட்கவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

மூன்றாம் ஞாயிறு. ரோஸ் மெழுகுதிரி. "எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்" என்று பவுல் எழுதிய வாசகம். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் பின்னால் போய்த் திண்டில் உட்கார்ந்தேன், ஆண்கள் உட்காருகிற இடத்தில். அங்கே ஆண்களே இல்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நற்கருணைக்கு மணி அடித்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

டிசம்பர் 19

பிரதமர் கன்னியாகுமரி வந்தார். டிவியில் பார்த்தோம். போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்களைக் காட்டினார்கள். எல்லாப் போட்டோவும் கல்யாணத்தில் எடுத்தது. ஆண்கள் வேறு எப்போது போட்டோவுக்கு நிற்கிறார்கள்.

டிசம்பர் 21, வியாழன்

ராத்திரி ஒளியின் மறைபொருள் சொன்னேன். முதலாவது, யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றது. அவருக்குத் தெரியாதது என்றால் நான் சொல்கிறேன், அவர் பின்னால் சொல்லட்டும். இது பைத்தியக்காரத்தனமா என்று மாமியிடம் கேட்டேன். முப்பது வருடமாக உன் மாமனாரோடு அப்படித்தான் சொல்கிறேன் என்றாள்.

மாமனார் கடலில் போனவர் என்று தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த மூலையில் உட்கார்ந்து அவள் யாரோடு சேர்ந்து செபம் சொல்கிறாள் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

டிசம்பர் 24

ஊரில் ஒரு வீட்டிலும் ஸ்டார் தொங்கவில்லை. குடில் வைக்க வேண்டாம் என்று முதலில் பேசினார்கள். பிறகு பிள்ளைகளுக்காகச் சின்னதாக, விளக்கு இல்லாமல் வைத்தார்கள். மோன் ஒரு சின்னத் தெர்மோகோல் போட்டைக் கொண்டுபோய் ஆடுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

டிசம்பர் 25

நடுராத்திரிப் பூசை. பாட்டு இல்லை. கேக் இல்லை. குழந்தை இயேசுவை முத்தமிட வரிசையில் போனேன். உதடு பட்டதும் வாய் உப்புக் கரித்தது. எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அழுதிருக்கிறார்கள்.

டிசம்பர் 28

மாசற்ற குழந்தைகள் திருவிழா. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனென்றால் அவர்கள் இல்லை. இது பைபிளில் இருக்கிறது. ஆறுதல் வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியை யாரும் திட்டவில்லை, எழுதி வைத்திருக்கிறார்கள். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று இன்றைக்கும் ஒரு சொந்தக்காரி வந்து சொன்னாள். அவளிடம் இந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். கோபமாக இல்லை. இரண்டு பேரும் அழுதோம்.

ஜனவரி 1

கேரளாவில் ஆஸ்பத்திரிகளில் இன்னும் அடையாளம் தெரியாத உடல்கள் இருக்கின்றன. டிஎன்ஏ எடுக்க வேண்டும்.

ஜனவரி 3

போக மாட்டேன்.

ஜனவரி 5

தம்பி வந்து உட்கார்ந்தான். அக்கா, நானும் வருகிறேன் என்றான். அவன் மறுபடி கடலுக்குப் போக வேண்டும், வேறு என்ன பிழைப்பு இருக்கிறது. கைநடுக்கம் இன்னும் நிற்கவில்லை. தினமும் பூசைக்கு வருகிறான், உள்ளே முன்வரிசையில் உட்காருகிறான். கடலில் அந்த ராத்திரி என்ன வாக்குக் கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

நாளை விடியற்காலை வேன். மோனுக்கும் மாமிக்கும் ரத்தம் எடுப்பார்கள். எனக்கு எடுக்க மாட்டார்கள், பெண்சாதி ரத்தம் பொருந்தாதாம். வெறும் துணைக்குத்தான் போகிறேன்.

செபத்தில் இப்போதும் கண்டுபிடித்துத் தாரும் என்றுதான் கேட்கிறேன், அதை விடவில்லை. ஆனால் முன்பு அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது சொன்ன பிறகும் அங்கேயே இருக்கிறேன். கேட்க ஒன்றும் இல்லாமல் அவரோடு இருக்க முடிகிறது. சில நாள் அரைமணி நேரம்கூட. நான் அங்கே தனியாக இல்லை என்று எனக்குத் தெரியும், யாரிடமும் வாதாட எனக்குத் தெரியாது, ஆனால் தெரியும்.

படிவம் தந்திருக்கிறார்கள். அங்க அடையாளங்கள் என்று மூன்று கோடு. இடது புருவத்தில் தையல் தழும்பு என்று எழுதினேன். வலது முன்கையில் தூண்டில் முள் கிழித்த தடம். மூன்றாவதற்கு மாமியைக் கேட்டேன். முதுகில் ஒரு மச்சம் உண்டு, எந்தப் பக்கம் என்று சொல்வதற்குள் மோன் எழுந்து வந்துவிட்டான். அவன் தூங்கட்டும், அப்புறம்