உப்பிடாதவரை உள்ளளவும் நினை

இத்தாலியில், பெருஜியா ஊரில் நாங்கள் தங்கியிருந்த வீட்டம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். முதல் நாள் இரவு சூப்போடு ரொட்டி வைத்தார். ஒரு துண்டு வாயில் போட்டேன். சுத்தமாக உப்பில்லை. பாவம், வயதானவர், மறந்திருப்பார் என்று நினைத்து, "கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரி, சூப் ஆறப்போகிறது என்று புரிந்துவிட்டது.

1540-ல் போப் மூன்றாம் பால் உப்பு வரியை ஏற்றினாராம். ஊர் எதிர்த்துக் கிளம்ப, போப்பின் படை வந்து அடக்கியது. அதோடு விட்டாரா? ஊரை ஆட்டிவைத்த பாலியோனி குடும்பத்தின் வீடுகள் இருந்த இடத்திலேயே, தெருவோடு சேர்த்து மூடி, ரோக்கா பவுலினா என்று ஒரு கோட்டையை எழுப்பிவிட்டார். "உன் உப்பே வேண்டாம் போ" என்று அன்று ஆரம்பித்த ரொட்டிதான் இதாம். நாம் உப்பிட்டவரை நினைப்போம். இவர்கள் உப்பிட விடாதவரை மூன்று வேளையும் நினைக்கிறார்கள்.

மறுநாள் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போனால், மேலே கோட்டையே இல்லை! 1860-ல் போப்பின் ஆட்சி போனதும் ஊர்க்காரர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் அடித்தளம்தான். அதற்குள் பழைய தெரு, வாசல், செங்கல் வளைவு எல்லாம் அப்படியே இருட்டில் நிற்கின்றன. அதன் வழியாகவே எஸ்கலேட்டர் போட்டிருக்கிறார்கள். என் முழங்கால் சார்பில் ஒரு கும்பிடு. எனக்கு முன்படியில் காய்கறிப் பையோடு ஒருவர், போப்பின் கோட்டைக்குள்ளேயே கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே உச்சிவரை வந்தார். மேலே 1278-ல் முடித்த பெரிய நீரூற்று, பிசானோ அப்பாவும் மகனும் செதுக்கியது. அழகுதான். ஆனால் என் மனசெல்லாம் ரொட்டியிலேயே இருந்தது.

கைபேசியில் தேடியதில், உப்பு வரிக் கதைக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று போட்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். இரவு சாப்பாட்டில் ஆரம்பித்தேன்: "அம்மா, உங்கள் கவிஞர் தாந்தே 1321-லேயே இறந்துவிட்டார். அடுத்தவர் வீட்டு ரொட்டி எப்படி உப்புக் கரிக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியென்றால் உப்பில்லாத ரொட்டி போப்புக்கு முன்பே..."

"தாந்தே பிளாரன்ஸ்காரர்" என்றார் அம்மா. அவ்வளவுதான், வாதம் முடிந்தது.

மறுநாள் காலை மேஜையில் ரொட்டி மட்டும் இருந்தது. ஜாம் கிண்ணத்தைக் காணவில்லை.