மண்ணீரலில் நீர்க்கட்டி: எதை எடுப்பது, எதை விடுவது

வியாசர்பாடியில் பந்தாடும் பையனுக்கு இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது என்று ஸ்கேன் எடுத்தால், மண்ணீரலில் 7 செ.மீ. நீர்க்கட்டி என்று வரும். அம்மாவின் காதில் விழுவது 'கட்டி' மட்டும்தான். "கேன்சரா டாக்டர்?" என்பார். பிறவியிலேயே உள்ள நீர்ப்பைம்மா என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். புற்றுநோயைச் சந்தேகிக்கப் பார்க்கும் சிஏ 19-9 என்ற பொருள் ரத்தத்தில் ஏறியிருந்தால் இன்னொரு முறையும் சொல்ல வேண்டும். அதைச் சுரப்பது கட்டியின் உள்தோலே.

5 செ.மீ.க்குக் கீழே, தொந்தரவும் இல்லையென்றால் ஸ்கேனில் கண்காணித்தால் போதும். அதற்கு மேல் வளர்ந்தாலோ வலி கொடுத்தாலோ அறுவை சிகிச்சை. அதுவரை பந்தும் குத்துச்சண்டையும் வேண்டாம். ஒரு அடியில் பை கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டலாம்.

"ஊசி போட்டு உறிஞ்சிட முடியாதா?" என்று கேட்காத அப்பா இல்லை. நாடாப்புழுவால் வரும் ஹைடாடிட் கட்டியாக இருந்து நீர் வயிற்றுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் அது இல்லையென்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறவிக் கட்டியே ஆனாலும் உள்தோல் இருக்கும்வரை நீர் திரும்ப ஊறும். ஆல்கஹால் செலுத்தினாலும் பல நேரம் இதே கதைதான். ஒட்டிக்கொண்ட திசுக்களால் அடுத்த ஆபரேஷன்தான் சிரமமாகும்.

லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவையில்) பையின் கூரையை வெட்டி எடுப்பது, மேலாக உள்ள கட்டிக்குப் பொருந்தும். சின்ன ஜன்னல் வெட்டினால் ஓரங்கள் ஒட்டி மூடிவிடும். தாராளமாக வெட்ட வேண்டும். ஆழப் பதிந்த கட்டிக்கு, எங்களைக் கேட்டால், கட்டியுள்ள பகுதியோடு மண்ணீரலில் ஒரு பாகத்தை எடுப்பதே சரி. அந்தப் பக்கம் போகும் ரத்தக்குழாய் கிளையை மட்டும் கட்டியதும் அந்தப் பகுதி கருநீலமாகும், நடுவே கோடு தெளிவாகத் தெரியும். கோட்டின் மேலேயே வெட்டினால் ரத்தம் நிற்காது. கருத்த பக்கத்தில் சுமார் 1 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். கால்வாசி மண்ணீரலாவது மிஞ்ச வேண்டும். கிருமிகளோடு போராட அது தேவை.

மண்ணீரலின் நுழைவாயிலையே கட்டி அடைத்திருந்தால் முழுதும் எடுப்பது தவிர்க்க முடியாது. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனை கேஷுவால்ட்டிக்கு வந்து, "இவனுக்கு மண்ணீரல் இல்லை" என்பதை முதலில் சொல்ல வேண்டும்.