பரணில் இருந்த றங்குப் பெட்டியை உரியவரிடம் சேர்த்த அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகள் அருகிவிட்டன. எஞ்சியிருந்த பழைய வீடொன்றை நாங்கள் வாங்கினோம். இடிக்கும் எண்ணமில்லை. கூரையைப் பிரித்து, உக்கிய மரங்களை மாற்றி, அதே ஓட்டைத் திரும்பப் போடுவதுதான் திட்டம். அதற்கு முதல், பலகைச் சீலிங்குக்கு மேலே கிடந்த சாமான்களை எல்லாம் இறக்க வேண்டியிருந்தது.

கொழும்பில் பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு மேலே யார் குடியிருப்பார் என்று தெரியும்: மரநாய். அதன் எச்சம் வருடக்கணக்கில் காய்ந்து தூளாகிக் கிடந்தது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் ஏறவே கூடாது. மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு ஏறுங்கள். பழைய வயர்களை எலி கடித்திருக்கும். கால் வைப்பது மரத்தில் மட்டும்தான், சீலிங் பலகை ஆள் பாரம் தாங்காது. எங்களுக்குக் கூரை வேலைக்கு வந்த பாஸ்தான் (மேஸ்திரி) முன்னால் போனார்.

கூரை தாழ்கிற மூலையில், உடைந்த கதிரைகளுக்கும் சுருட்டிய பாய்களுக்கும் பின்னால் ஒரு றங்குப் பெட்டி இருந்தது. ஒளித்து வைத்தது என்று பார்த்ததும் விளங்கிவிட்டது. பூட்டு இல்லை, சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளவத்தையில் இப்படியொரு பெட்டியைக் கண்டால் தமிழர்களுக்கு எதிராக 1983 ஜூலையில் நடந்த கலவரம் ஞாபகம் வராமல் இருக்காது. பாஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, "மாத்தயா, இதை நீங்களே திறங்க" என்று ஒதுங்கி நின்றார்.

இறக்கிய உடனே வெயிலில் காய வைக்க வேண்டாம். கடற்காற்றில் ஈரம் குடித்த காகிதம் சட்டென்று காய்ந்தால் சுருளும், நொறுங்கும். விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்து, காற்றாடியை மெதுவாக ஓடவிட்டோம். பெட்டிக்குள் எந்த அடுக்கில் என்ன இருந்தது என்பதைக் கை வைக்கும் முன்பே படமெடுத்து, இலக்கம் போட்டேன். எது எதோடு சேர்ந்திருந்தது என்பதே ஒரு தகவல். கலைத்துவிட்டால் அது போய்விடும்.

ரப்பர் பட்டி உருகிக் கடித உறைகளில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிப்போன புகைப்படங்களையும் பிரிக்கவில்லை. இழுத்தால் முகம்தான் உரிந்து வரும். அந்தக் கட்டை அப்படியே துணியில் சுற்றி வைத்தேன். ஒரு கட்டுக் கடிதங்களின் முத்திரைகளில் 'சிலோன்' என்றிருந்தது, ஆகவே 1972இல் நாட்டின் பெயர் மாறுவதற்கு முந்தியவை. உறையில் இருந்த பெயர்களுக்கு மேல் ஒரு வரியும் நான் வாசிக்கவில்லை. மற்றபடி ஒரு மகளின் தேர்ச்சி அறிக்கைகள், வெள்ளிக் காப்பு இரண்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், பள்ளிக்கூடச் சஞ்சிகைகள், ஒரு சமையல் கொப்பி. கொப்பியில் பயத்தம் பணியாரத்துக்கு மூன்று சுண்டு பயறு என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் "தீபாவளிக்கு இரட்டிப்பு" என்று குறித்திருந்தது. அந்தப் பக்கத்தின் எண்ணெய்க் கறை பின்னால் நான்கைந்து தாள் வரை ஊறியிருந்தது.

படங்களை முகநூலில் போட்டால் ஒரே நாளில் ஆள் கிடைத்துவிடும் என்று பலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களின் கடிதத்தையும் பிள்ளையின் படத்தையும் அவர்களைக் கேட்காமல் ஊருக்குக் காட்ட எனக்கு என்ன உரிமை? கையில் வேறு வழி இருந்தது: வீட்டின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம்.

உங்கள் கையில் பழைய உறுதி இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்டத்தரணி) எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகும். பதிவேட்டில் காணி கைமாறிய வரிசையைப் பார்க்கலாம், கட்டணம் கட்டிப் பிரதி எடுக்கலாம். எங்கள் வீடு 1985இல் விற்கப்பட்டிருந்தது. உரிமையாளர் வெளிநாட்டில், கையெழுத்து வைத்தவர் அற்றோணித் தத்துவக்காரர், அதாவது அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர். கடித உறைகளில் இருந்த பெயரும் உரிமையாளர் பெயரும் ஒன்றாக இருந்தன.

பெயர் கிடைத்தது, ஆள் எங்கே? அதற்குப் பதிவேடு உதவாது, அயல்தான் உதவும். இரண்டு வீடு தள்ளி இருக்கும் வயதான சிங்கள ஆன்ரியிடம் கேட்டேன். ஜூலை 25, திங்கட்கிழமை, அந்தக் குடும்பத்தைத் தன் குசினிக்குப் பின்னறையில் வைத்திருந்தவரே அவர்தான். அங்கிருந்து பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்கு, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு, பிறகு கனடாவுக்கு. இன்றைக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கு மகள் தொலைபேசி எடுப்பாராம். நம்பரை ஆன்ரி உடனே தரவில்லை. "முதலில் நான் அவளைக் கேட்கிறேன், மகன்" என்றார். அதுதான் முறை என்று நானும் நினைக்கிறேன்.

மகளான அந்த அக்கா பேசியபோது முதலில் கேட்டது காப்பை அல்ல.

"தம்பி, அம்மான்ர சமையல் கொப்பி இருக்கோ?"

இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கடிதங்கள வாசிச்சனீங்களோ?"

"இல்லை அக்கா. உறையில பேர் மட்டும்தான் பாத்தனான்."

"கலியாணத்துக்கு முதல் அப்பா அம்மாவுக்கு எழுதினது. பிரிக்காம அப்பிடியே கட்டி வையுங்கோ."

தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. லீவில் வந்திருந்த அவருடைய மச்சான் கையிலேயே கொடுத்தனுப்பினோம். ஒட்டிய படக் கட்டும் அதே துணியில் போனது. சஞ்சிகைகளையும் அழைப்பிதழ்களையும், அக்காவின் சம்மதத்தோடு, நூலக நிறுவனத்துக்கு மின்வருடக் கொடுக்கப் பேசியிருக்கிறோம். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வருபவர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தீயில் பறிகொடுத்த நாங்கள் ஒரு பழைய பள்ளிக்கூடச் சஞ்சிகையைப் பேப்பர்க்காரருக்கு நிறுத்துக் கொடுக்கவே கூடாது.

பெட்டியின் அடியில் ஒரு சீட்டுக் கணக்குக் கொப்பியும் இருந்தது. கையெழுத்து வேறு, பெயரும் வேறு. முன்னறையில் வாடகைக்கு இருந்த ஒரு மாஸ்டருடையதாக இருக்கலாம் என்றார் அக்கா. அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.