வைவாவுக்கு எந்த போர்டு? ரிசல்ட் வந்த சூட்டோடு சில குறிப்புகள்

இன்ஜினியரிங் எட்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. ப்ராஜெக்டுக்கு 'ஓ' கிரேடு. சந்தோஷம்தான். ஆனால் ப்ராஜெக்டையே காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கிவந்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்றே தெரியாமல் நின்ற டீமுக்கும் அதே 'ஓ' விழுந்திருப்பதால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. சரி, அதை விடுங்கள். ஜூனியர்கள் இப்போதே "அக்கா, ப்ராஜெக்டுக்கு எந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வாங்கலாம்?" என்று ஆரம்பித்துவிட்டார்கள், ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். ஜீரோத் ரிவ்யூ, பிபிடி ஃபார்மட், ரிப்போர்ட் பைண்டிங் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால் வைவாவில், அதாவது ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வில், உருப்படியான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஏன் இந்த போர்டு?" மற்றதெல்லாம் அதிலிருந்து கிளம்பும் கிளைக் கேள்விகள். "நெட்ல எல்லாரும் இதைத்தான் போடறாங்க சார்" என்று சொன்னால் அங்கேயே முடிந்தது.

எங்கள் ப்ராஜெக்ட், கிணற்றில் தண்ணீர் வற்றியபிறகும் மோட்டார் டிரையாக ஓடி சீல் போய்விடாமல், தானாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவது. தண்ணீர் இழுக்காதபோது மோட்டார் எடுக்கும் கரன்ட் குறையும், அதைப் பிடித்தால் போதும், கிணற்றுக்குள் சென்சார் இறக்க வேண்டியதில்லை. வகுப்பில் எல்லா டீமும் இஎஸ்பி32 என்ற போர்டு வாங்கினார்கள். 240 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், வைஃபை, ப்ளூடூத் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு, யாருக்குத்தான் ஆசை வராது? நாங்கள் மட்டும் 16 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி ரேம் உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டு எடுத்தோம். கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் அதையேதான் கேட்டார். "ஏம்மா, எல்லாரும் இஎஸ்பி போடறாங்க, நீங்க மட்டும் இன்னும் ஊனோவா?"

"மோட்டார் ரூம்ல வைஃபை கிடையாது சார். அதான் செல்போன் சிம்ல ஓடற ஜிஎஸ்எம் மாட்யூல் போட்டோம். வைஃபை வேண்டாம்னா இஎஸ்பி எடுக்கறதுக்குப் பாதிக் காரணம் போயிடுது."

"மீதிப் பாதி?"

இந்த மீதிப் பாதிக்குத்தான் நோட்டில் ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தேன். கரன்ட் அளக்க ஏசிஎஸ்712 சென்சார், 20 ஆம்பியர் வகை. அது 5 வோல்ட்டில் ஓடும். கரன்ட் இல்லாதபோதே அவுட்புட்டில் 2.5 வோல்ட் நிற்கும், ஒவ்வொரு ஆம்பியருக்கும் 100 மில்லிவோல்ட் ஏறும் இறங்கும். முழு அளவுக்குப் போனால் 4.5 வோல்ட். இஎஸ்பி32 போர்டின் பின் (கால்) 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, இரண்டு ரெசிஸ்டரால் டிவைடர் போட்டு வோல்ட்டேஜைக் குறைக்க வேண்டும், குறைத்தால் சிக்னலும் சுருங்கும், போதாததற்கு அதன் ஏடிசி (அனலாக் வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 12 பிட் என்று பெயரே தவிர இரண்டு முனைகளிலும் நேர்கோட்டில் போகாது. ஊனோவில் நேராகச் செருகலாம். அதன் ஏடிசிபடி 5 வோல்ட்டை 1024 ஆகப் பிரித்தால் ஒரு படிக்கு 4.88 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய 0.05 ஆம்பியர். தண்ணீரோடு ஓடுவதையும் டிரையாக ஓடுவதையும் பிரித்துச் சொல்ல அது தாராளம். வேகமும் போதும்: ஒருமுறை அனலாக் படிக்கச் சுமார் 100 மைக்ரோசெகண்ட், 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட், ஒரு சுற்றுக்குள் நூற்றைம்பது சாம்பிளுக்கு மேல் கிடைக்கும். இதைச் சொல்லி முடித்ததும் அவர் ரிப்போர்ட்டை மூடிவிட்டார்.

ஆகவே என் முறை இதுதான். போர்டு வாங்குவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் ஒவ்வொரு பாகத்தையும் எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம்: எத்தனை வோல்ட், அதிகபட்சம் எத்தனை ஆம்பியர், எந்த வகைப் பின் (அனலாக், பிடபிள்யூஎம், ஐ2சி, சீரியல்). தாள் நிரம்பியதும் எந்த போர்டு என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் எதையும் எழுதிப் பார்க்காமல் தொடாத ரகம். சாலிடரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டே யோசிப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம், ஆனாலும் செய்யுங்கள்.

ஆம்பியர் கட்டத்தைச் சும்மா நிரப்பாதீர்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூலான சிம்800எல் சிக்னல் தேடும்போது ஒரு கணம் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்கு வேண்டியதோ 3.4லிருந்து 4.4 வோல்ட். ஊனோவின் யுஎஸ்பி ஃபியூஸே 500 மில்லிஆம்பியர்தான். வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் மாட்யூலை மல்டிமீட்டர் வைத்து 4 வோல்ட்டுக்குத் திருகி, சிம் மாட்யூல் கால்களை ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டு, கிரவுண்டை ஊனோவோடு சேர்த்துவிடுங்கள். மாட்யூல் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தால் ப்ரோகிராமைத் திட்டாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள். அப்புறம் அது 2ஜி மாட்யூல், ஜியோவில் 2ஜியே கிடையாது, அந்த சிம்மைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஊனோவிலும் தலைவலி உண்டு, மறைக்கவில்லை. ஹார்டுவேர் சீரியல் ஒன்றுதான், அதையும் யுஎஸ்பி எடுத்துக்கொள்கிறது. சிம் மாட்யூலுக்கு, சாதாரண பின்களையே ப்ரோகிராம் மூலம் சீரியலாக்கும் சாஃப்ட்வேர் சீரியல்தான் கதி. 2 கேபி ரேமில் எஸ்எம்எஸ் வாசகம், எல்சிடி வாசகம் எல்லாம் போய் உட்கார்ந்தால் திடீரென்று டிஸ்ப்ளேயில் கண்டது கழியது வரும். வாசகங்களை எஃப் மேக்ரோவுக்குள், அதாவது F("...") என்று, வைத்தால் அவை ஃபிளாஷிலேயே இருக்கும். கரன்ட் சாம்பிள்களை அரேயில் சேமிக்காமல், ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் அப்படியே கூட்டிக்கொண்டே போங்கள்.

மற்ற ப்ராஜெக்டுகளுக்கு, அவசரமாக:

- வைஃபை கட்டாயம் வேண்டும்: இஎஸ்பி32. யோசிக்காதீர்கள். ஆனால் அனலாக் சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் மட்டும் கொடுங்கள். மற்ற அனலாக் பின்கள் ஏடிசி2 என்ற இரண்டாவது ஏடிசியைச் சேர்ந்தவை, வைஃபை ஓடும்போது படிக்காது. பக்கத்து டீம் 25, 26ஆம் பின்களில் மண் ஈரப்பத சென்சார் மாட்டிவிட்டு சென்சார் கெட்டுப்போச்சு என்று புதுசு புதுசாக வாங்கிக்கொண்டிருந்தது. 34 முதல் 39 வரை உள்ளவை இன்புட் மட்டும்தான், ரிலே மாட்டினால் அசையாது. 12ஆம் பின்னை பூட் ஆகும்போது ஹையாக இழுத்தால் போர்டே எழுந்திருக்காது.
- அல்ட்ராசோனிக் சென்சார், எச்சி-எஸ்ஆர்04: எக்கோ பின் 5 வோல்ட் தரும். 3.3 வோல்ட் போர்டு என்றால் 1கே, 2கே டிவைடர்.
- பைத்தானில்தான் எழுதுவேன் என்றால்: ராஸ்பெர்ரி பை பிக்கோ. 264 கேபி ரேம், மைக்ரோபைத்தான் சுகமாக ஓடும். வெளியே வரும் அனலாக் பின் மூன்றுதான். ஹெடர் (ஒயர் செருகும் கால் வரிசை) சாலிடர் செய்யாமலும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.
- ஊனோ பிடிக்கும், ரேம்தான் போதவில்லை: 2023இல் வந்த ஊனோ ஆர்4. 32 கேபி ரேம், 14 பிட் ஏடிசி, அதே 5 வோல்ட். பட்ஜெட் இருந்திருந்தால் நானே அதைத்தான் எடுத்திருப்பேன்.
- ப்ளூ பில் (எஸ்டிஎம்32 சிப் உள்ள சின்ன போர்டு): விலையைப் பார்த்து மயங்காதீர்கள், போலிச் சிப் நிறைய. ப்ரோகிராம் ஏற்றும் எஸ்டி-லிங்க் கருவி இல்லாமல் ஃபைனல் இயரில் தொட வேண்டாம்.

எந்த போர்டாக இருந்தாலும் இரண்டாக வாங்கி, இரண்டிலும் ப்ரோகிராம் ஏற்றிவையுங்கள். 230 வோல்ட் பக்கத்தை மூடிய டப்பாவுக்குள் வையுங்கள், திறந்த ரிலேயைப் பார்த்தாலே எக்ஸ்டர்னல் கிட்ட வரமாட்டார். குளோன் ஊனோ என்றால் யுஎஸ்பிக்குப் பெரும்பாலும் சிஎச்340 சிப்தான் இருக்கும், லேப் கம்ப்யூட்டரில் அதன் டிரைவர் இல்லாவிட்டால் சீரியல் போர்ட்டே காட்டாது. முந்தின நாளே லேப் அண்ணனிடம் சொல்லிப் போட்டுவையுங்கள், அட்மின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருக்கும், வைவா அன்றைக்கு டீ குடிக்கப் போயிருப்பார்.