மூன்று மாத்திரை, ஒரு போன் கால்

போன வாரம் ஒரு பெண் ஆதாரையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு காசநோய் சிகிச்சை அட்டை செருகியிருந்தது. அதை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டே நீட்டினாள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் வேறு யாரும் இல்லை. "எனக்கும் வந்திருந்ததும்மா, இப்போ சரியாயிடுச்சு" என்று சொன்னேன். அப்புறம் அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 2018 ஜூனில் காசநோய் என்று தெரிந்தது. வேலூரில் வீட்டின் முன்னறையில்தான் கடை. அதற்கு முன் ஏழு வாரம் விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று தடவை மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். எடை 47 கிலோவிலிருந்து 41-க்கு இறங்கியது. சளியைப் பரிசோதிக்கலாம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் மெடிக்கல் ஷாப் தம்பிதான் சொன்னான்: "அக்கா, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தாலே சளி டெஸ்ட் எடுக்கணும். ஜி.எச்.ல இலவசம்." அந்த ஏழு வாரமும் என் நாலு வயது மகன் என் பக்கத்தில்தான் தூங்கினான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சளி கொடுப்பது எளிதான காரியம் என்று நினைத்திருந்தேன். முதல் டப்பாவைப் பார்த்த லேப் அம்மா, "இது எச்சில். நெஞ்சுக்குள்ளேயிருந்து வரணும். நல்லா மூச்சை இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் இருமு" என்று சொல்லிக் கொடுத்தார். காற்றோட்டமான வெளி இடத்தில் போய் நின்று எடுக்கச் சொன்னார். இரண்டாவது டப்பா மறுநாள் காலை எழுந்தவுடன் எடுத்தது. மாதிரியை சிபிநாட் என்ற கருவியில் வைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்து அதன் மேல் வேலை செய்யுமா என்ற இரண்டையும் சொல்லிவிடும். எனக்குக் கிருமி இருந்தது. மருந்து கேட்கும் வகை. அந்த இரண்டாவது வரி எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்றே சர்க்கரை, எச்.ஐ.வி. இரண்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள். எல்லா காசநோயாளிகளுக்கும் எடுப்பதுதான், பயப்பட வேண்டியதில்லை. பிறகு ஒரு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் பெயர், எடை, போன் நம்பர், வீட்டில் யார் யார், அவர்கள் வயது என்ன என்று கேட்டு நிக்ஷயில் பதிந்தார்கள். நிக்ஷய் என்பது 2012-இல் மத்திய அரசு கொண்டுவந்த இணையப் பதிவேடு. காசநோயைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற உத்தரவும் அதே வருடம்தான் வந்தது, தனியார் மருத்துவர்களுக்கும் சேர்த்து. எனக்கு ஒரு எண் கொடுத்தார்கள். ஊர் மாறினாலும் அந்த எண்ணைச் சொன்னால் மருந்து தொடரும் என்றார்கள். என்னைப் பற்றி இவ்வளவு எழுதிக்கொள்கிறார்களே என்று முதலில் கூச்சமாக இருந்தது. வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான் என்று பதிந்ததால்தான் மூன்றாம் நாளே அவனுக்குப் பரிசோதனை நடந்தது. நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, வராமல் தடுக்க ஆறு மாதம் ஐசோனியசிட் என்ற மாத்திரை கொடுத்தார்கள். தினமும் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பேன். என் மருந்தை விட அவன் மருந்தில்தான் எனக்குக் கவனம் அதிகம்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் ஏப்ரலில்தான் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கும் நிக்ஷய் போஷண் திட்டம் தொடங்கியிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். எனக்கு நாலாவது மாதம்தான் வந்தது. ஆதாரில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுக்கிற நானே இதைக் கவனிக்காமல் விட்டேன். முதல் நாளே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் வங்கியில் கேட்டுவிடுங்கள்.

இனி மாத்திரை. எடையை வைத்துத்தான் எண்ணிக்கை. 41 கிலோவுக்கு மூன்று. நாலு மருந்து சேர்ந்த மாத்திரை இரண்டு மாதம், பிறகு மூன்று மருந்து சேர்ந்தது நாலு மாதம். எனக்குக் கொடுத்த மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு காகித உறை ஒட்டியிருக்கும். மாத்திரையைப் பின்பக்கமாகத் தள்ளினால் உறையில் மறைந்திருக்கும் எண்கள் வெளியே தெரியும். அந்த எண்ணுக்கு, பதிவு செய்த போனிலிருந்து கூப்பிட வேண்டும். காசு போகாது. இன்று இவர் மருந்து எடுத்தார் என்று கம்ப்யூட்டரில் பதிவாகிவிடும். இதற்கு 99டாட்ஸ் என்று பெயர். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, சாதாரண பட்டன் போன் போதும் என்பதுதான் இதன் அடிப்படை. அதற்கு முன் வாரம் மூன்று நாள் சிகிச்சை மையத்துக்குப் போய் அவர்கள் கண் முன்னால் விழுங்க வேண்டியிருந்ததாம். கடையைப் பூட்டிவிட்டு அப்படிப் போயிருக்க என்னால் முடியாது.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். அதை என் வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். காலையில் விழுங்கிய மாத்திரைக்கு ராத்திரி அவர் வந்த பிறகுதான் கூப்பிடுவேன். சில நாள் மறந்தும் போகும். மாத்திரை விழுங்கியிருப்பேன், பதிவில் விழுங்கவில்லை என்று இருக்கும்.

ஆறாவது வாரம் அதற்கு நேர்மாறானது நடந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால் பயப்படவில்லை. வாந்தியைத்தான் தாங்க முடியவில்லை. வெறும் வயிற்றில் மூன்று பெரிய மாத்திரை, பத்து நிமிடத்தில் குமட்டும். மூட்டெல்லாம் வலி. நாலு நாள் மாத்திரையை அட்டையிலிருந்து தள்ளி, துணியில் முடிந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, எண்ணுக்கு மட்டும் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்றால், கூப்பிடாவிட்டால் மையத்து ஊழியரான டி.பி. விசிட்டர் வீட்டுக்கு வருவார். கடைக்கு எதிரே டீக்கடை. யார் வந்தது, எதற்கு வந்தது என்று கேட்பார்கள். கேட்ட பிறகு என் கையிலிருந்து யார் ஜெராக்ஸ் வாங்குவார்கள்?

ஐந்தாம் நாள் இரண்டு பேர் சொல்லாமல் வந்தார்கள். விசிட்டர் இல்லை, ஆய்வுக் குழு. இந்தப் போன் கால் முறை எந்த அளவுக்கு உண்மையைச் சொல்கிறது என்று சென்னை, வேலூர், மும்பை மூன்று இடங்களில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மையத்தில் ஏற்கனவே கையெழுத்து வாங்கியிருந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். கடை வாசலில் நிற்காமல் வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து, மெதுவாகப் பேசினாள் அவர்களில் ஒரு பெண். சிறுநீர் மாதிரி வேண்டும், என் மாத்திரையில் இருக்கும் ஐசோனியசிட் உடம்பில் இருந்தால் சோதனைத் திரவம் நீல ஊதாவாக மாறும், இல்லையென்றால் மாறாது என்று விளக்கினாள். விருப்பமில்லை என்றால் கொடுக்க வேண்டாம், உங்கள் சிகிச்சை அதனால் நிற்காது என்றும் சொன்னாள்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட முடியலையாக்கா?" என்று கேட்டாள். ஆறு வாரமாக என்னிடம் எல்லோரும் கேட்டது "சாப்பிட்டியா?" என்றுதான். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து முடிச்சை எடுத்து வந்து அவள் முன்னால் அவிழ்த்தேன். பன்னிரண்டு மாத்திரை.

திட்டவில்லை. விசிட்டரிடம் நீங்களே பேசுகிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். நானே பேசினேன். மறுநாள் டாக்டர் ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை எழுதினார், கண்ணைப் பார்த்தார், வாந்திக்கு மாத்திரை கொடுத்தார். ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டு ராத்திரியில் போட்டுக்கொள்ளச் சொன்னார். பத்து நாளில் குமட்டல் அடங்கியது. ராத்திரி என்பதால் போனும் வீட்டில் இருந்தது. இவ்வளவுதான் தீர்வு. இதைச் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆராய்ச்சியில் போன் பதிவுக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் பல பேரிடம் பொருந்தவில்லை என்று பிறகு வெளியானது. எனக்கு ஆச்சரியமே இல்லை. அதனால் அந்த முறை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் ராத்திரி அந்த எண்ணை அழுத்தும்போது எங்கோ ஒரு திரையில் என் பெயருக்கு நேராக ஒரு கட்டம் நிறம் மாறுகிறது என்ற நினைப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மட்டும் ஆள் வருவது தவறு. நிறைந்திருக்கும்போதும் வந்து பார்க்க வேண்டும். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோய் தெரிந்த உடனேயே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எடை போடும் மெஷினும், விரலில் மாட்டும் கிளிப்பும் போதும் அதற்கு. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

என் மாமியாரின் அக்கா இதே நோய்க்காக மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரம் சானடோரியத்தில், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில், ஒரு வருடத்துக்கு மேல் இருந்தாராம். பிள்ளைகளை விட்டுவிட்டு. "உன்னை எங்கே அனுப்பப் போறாங்க?" என்று மாமியார் முதல் நாள் என்னைக் கேட்டார். எங்கும் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானது. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு, பல நாடுகள் சானடோரியங்களைக் கைவிட ஒரு பெரிய காரணமாக இருந்தது. அந்த ஆய்வில் தங்கள் சளியையும் நாட்களையும் கொடுத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களால்தான் நான் என் மகனோடு வீட்டில் இருந்தேன். அடுத்த முறை ஆய்வுக் குழு வந்தபோது டப்பாவை முழு மனதோடு வாங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் கடைசி சளிப் பரிசோதனை. கிருமி இல்லை. எடை 48. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டினேன்.

ஜெராக்ஸ் எடுக்க வந்த அந்தப் பெண் கிளம்பும்போது ஆதாரையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்த்துக் கொடுத்தேன். அவளுக்கும் இனிஷியல் இடம் மாறித்தான் இருந்தது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு பேர், சின்னவளுக்கு மூன்று வயது என்றாள். அவர்கள் பெயரைப் பதிவில் சேர்த்தார்களா என்று நாளைக்கே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.